கண்டல்பாதையின் மேடு

மேடு என்றால் என்னவென்றே தெரியாத ஊர் ஒன்று கடலோரத்தில் இருந்தது, இன்னும் இருக்கிறது, ஈச்சமுனை என்று அதற்குப் பேர், நாங்கள் அங்கேதான் குடியிருக்கிறோம். தோசைக்கல் போலத் தட்டையான நிலம். பெய்த மழை எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்று யோசிக்கும். மலை வரையச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உப்புக் குவியலை வரைந்து பக்கத்தில் ஒரு மண்வெட்டியையும் சாத்தி வைக்கும். சைக்கிளுக்கு பிரேக் போட்டவன்கூட எதிரே வரும் மாட்டுக்காகப் போட்டானே ஒழிய இறக்கத்துக்காகப் போட்டதில்லை. அப்படிப்பட்ட ஊரில், தை பிறந்த கொஞ்ச நாளில், பறவை பார்க்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சதுப்புக்குள் நடந்துபோன தையல்நாயகிக்கு, மற்ற எல்லோருக்கும் தட்டையாகவே கிடந்த பாதை, அவள் ஒருத்திக்கு மட்டும் ஏறத் தொடங்கியது.

முதலில் அவள் சந்தேகப்பட்டது தன் முழங்காலைத்தான். பிறகு காலையில் சாப்பிடாமல் வந்ததை. பிறகு மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் இழுத்தது, உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. பக்கத்தில் வந்த பட்டணத்து அம்மாள் ஒருத்தி பூநாரைக் கூட்டத்தைப் பார்த்து ஆகா ஆகா என்று சொல்லிக்கொண்டு வீட்டுக் கூடத்தில் உலாத்துகிறவள்போல நடந்துகொண்டிருந்தாள். தையல்நாயகி களைத்துப்போய்த் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். பாட்டில் சாய்ந்தது, உருண்டது, வந்த வழியே கடகடவென்று ஓடிப் பனங்கம்பத்தின் அடியில் போய் இடித்து நின்றது. வந்தவர்கள் காற்று என்று நினைத்தார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை.

"முழங்கால் பிடிச்சுக்கிச்சு, நீங்க நேரா கடைசி வரைக்கும் போயிட்டு வாங்க, பாதை ஒன்னுதான்" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அது முழங்கால் இல்லையென்று தெரியும். எதற்காக ஏறுகிறதென்றும் தெரியும்.

அது தெரிய வேண்டுமானால் கம்பத்தின் கதை தெரிய வேண்டும். எங்கள் ஊருக்குக் கிழக்கே சரணாலயம், கடல்தண்ணீர் வந்து வந்து போகிற சதுப்பு, அதற்குள் களிமண் பரப்பி இறுக்கிய நடைபாதைகள் மூன்று. செக்கச்செவேலென்று படர்ந்த உமரிச்செடிக்கு நடுவே போவது உமரிப்பாதை, பூநாரை மேய்கிற பரப்பைச் சுற்றிப் போவது பூநாரைப்பாதை, கண்டல் மரங்களை ஒட்டித் தண்ணீரின் விளிம்புவரை போய் முடிந்துவிடுவது கண்டல்பாதை. மூன்றும் பிரிகிற இடத்தில் ஒரு பனங்கம்பம். சரணாலயத்துக்குள் இறால் பிடிக்கக்கூடாது என்பது சட்டம். பிடிக்காமல் இருக்க முடியாது என்பது வயிறு. எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் எடுப்பார்கள். உள்ளே போகிறவள் தன் பழைய சேலையில் கிழித்த துண்டைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போவாள். வெளியே வந்ததும் அவளே அவிழ்ப்பாள், ஒருத்தி துணியை இன்னொருத்தி தொடக்கூடாது. பொழுது சாயும்போது கம்பத்தில் துணி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, தோணியை எடு. கம்பம் வெறுமையாக இருந்தால் எல்லோரும் வந்தாயிற்று, உலை வை. இவ்வளவுதான் ஏற்பாடு. அதுவரை யாரையும் அது கைவிட்டதில்லை.

நடக்க வந்த வெளியூர்க்காரர்கள் அந்தத் துணிகளைப் பார்த்தார்கள், இது ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தார்கள், தாங்களும் கட்டத் தொடங்கினார்கள். கைக்குட்டை, முகக்கவசம், தலைமுடி ரிப்பன், கல்யாணமாகி மூன்றாம் நாள் வந்த ஒரு மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டை. பெண்கள் சிரித்தார்கள். "நம்ம கம்பம் சாமியாயிருச்சுடி, நாளைக்குப் பொங்கல் வைக்கணும்" என்றார்கள். அவரவர் துணி அவரவருக்குத் தெரியும், அதனால் கவலைப்படவில்லை.

கார்த்திகை மாதத்தில் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. பாதையைச் சுத்தமாக வைக்கச் சொல்லி வழிகாட்டி வேலையில் இருந்த தையல்நாயகிக்கு உத்தரவு. உள்ளே போன பெண்களில் மூன்று பேர் வந்து அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் தையல்நாயகி அரிவாளை எடுத்துக் கம்பத்தில் இருந்த அத்தனையையும் ஒரே இழுப்பாக அறுத்தாள். விழுந்த குவியலில் மாங்காய்க்கரை போட்ட ஒரு பச்சைத் துண்டு இருந்தது. இன்னும் வெளியே வராத பவுனம்மாவுடையது. ஜீப் போனதும் திரும்பக் கட்டிவிடலாம் என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். அதிகாரிக்குக் கம்பம் பளிச்சென்று இருந்தது பிடித்துவிட்டது. அவளைப் பாராட்டினார், கூட நின்று படம் எடுத்துக்கொண்டார், வடக்கு வாசல்வரை வழிகாட்டச் சொன்னார், அங்கே டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். அவள் திரும்பி வரும்போது பொழுது விழுந்து தண்ணீர் ஏறியிருந்தது. பெண்கள் தூரத்திலிருந்தே வெறுங்கம்பத்தைப் பார்த்துவிட்டு, பவுனும் வந்துவிட்டாள் என்று உலை வைத்துவிட்டார்கள்.

அன்று இருட்டும் நேரத்தில் ஹபீப் மரைக்கார் டீக்கடையில் பவுனம்மாவின் புருசன் ரெத்தினவேல், உப்பளத்தில் வேலை பார்க்கிறவர், கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "காலையில ஒரு சண்டை. கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா." அந்த ஒரு வார்த்தையைத் தையல்நாயகி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆத்தா வீட்டுக்குத்தான் போயிருப்பாள். வேறெங்கே போவாள்.

நாலைந்து நாள் கழித்துப் பவுனம்மாவின் ஆத்தா மகளுக்கென்று கார்த்திகைப் பொரியுருண்டை பிடித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, "எங்கப்பா எம்பொண்ணு?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு தேடினார்கள், தேடாத இடமில்லை. நாகூரில் தேடினார்கள், வேளாங்கண்ணியில் தேடினார்கள், பஸ் ஸ்டாண்டில் படம் ஒட்டினார்கள், கிணறுகளில் கொக்கி போட்டுத் துழாவினார்கள். சதுப்புக்குள் மட்டும் யாரும் தேடவில்லை. ஏனென்றால் கம்பம் வெறுமையாக இருந்தது, கம்பம் பொய் சொல்லாது. கண்கள் தேடிச் சலித்ததும் வாய்கள் தேடத் தொடங்கின. வாய்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டன: ஐஸ் வண்டி டிரைவரோடு போய்விட்டாள். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. எல்லோரும் இரண்டாவதாகச் சொன்னார்கள். தையல்நாயகி மட்டும் சொல்லவில்லை; எதையுமே சொல்லவில்லை. நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்பதால் அவளால் இன்று சொல்ல முடியவில்லை, இன்று சொல்லாததால் நாளைக்குச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது, பச்சைத் துண்டு அவள் வீட்டு அரிசி டின்னுக்குள் இறங்கி இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இந்த நிலைமையில்தான் பாதை ஏறியது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தையல்நாயகி மூச்சு வாங்குவதைப் பார்த்த கனகவல்லி, அவளும் இறால் தடவுகிறவள்தான், "என்னடி, மாசமா இருக்கியா?" என்று கேட்டபடி கூட நடந்தாள். பத்தடி போனதும் அவளுக்கும் மூச்சு வாங்கியது. ஊர் முழுக்கச் செய்தி போனது. சவரிமுத்துக் கொத்தனார் தன்னுடைய ரசமட்டத்தைக் கொண்டுவந்து பாதையில் வைத்துப் பார்த்தார், குமிழி நடுவில் நின்றது, ஒரு நூல்கூட விலகவில்லை. தையல்நாயகியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார், குமிழி ஓடி ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. "மட்டத்துல குத்தமில்ல" என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் அந்தப் பாதையில் கால் வைக்காமல் வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு எலுமிச்சம்பழம் வந்தது. நடக்கிறவர் காலடியில் ஒரு பழத்தை வைப்பது, பழம் கிடந்தால் மனசு சமதளம், உருண்டால் மேடு. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைக் கண்டல்பாதையில் ஒரு நடை விட்டுத்தான் தாம்பூலம் மாற்றினார்கள். மரைக்கார் கம்பத்தடியில் கீற்றுப்பந்தல் போட்டு நன்னாரி சர்பத் விற்றார், உருண்டு வந்த பழத்தையெல்லாம் அதிலேயே பிழிந்தார், குற்றமுள்ள பழத்தில்தான் புளிப்பு அதிகம் என்றார். பஞ்சாயத்துத் தலைவர் ஒரே ஒருநாள் வந்து, தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு, கட்சி வேலை இருப்பதாகச் சொல்லி ஜீப்பில் ஏறினார். சரணாலயத்துக்காரர்கள் ஒரு பெஞ்சு போட்டு, 'மூச்சு வாங்குவோர் இங்கே அமரவும்' என்று பலகை எழுதினார்கள். வெளியூர்க்காரர்கள் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டையாக நடந்துபோய்த் தட்டையாகத் திரும்பினார்கள்.

எங்களுக்குத்தான் ஏறியது. கிட்டத்தட்ட ஊரில் எல்லோருக்குமே. ஒருவர்கூடக் கடைசிவரை போகவில்லை, பாதிவழியில் திரும்பிவந்து காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு முருங்கைக்காயைப் பறித்தேன், மாமியார் தைலத்தில் தண்ணீர் ஊற்றினேன், உண்டியலில் செல்லாத நாணயம் போட்டேன். காரணம் சொல்வது ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தெருவெல்லாம் கெண்டைக்காலுக்குத் தேய்த்த எண்ணெய் வாடை.

"உனக்கு எவ்ளோ மேடுடி?" என்று கேட்டாள் கனகவல்லி.

"இடுப்பு ஒசரம்தான்" என்றாள் மீனம்பா. "எங்க அண்ணன் வீட்டுக் கோழி ஒன்ன அடிச்சுக் கொழம்பு வெச்சுட்டேன்ல."

"ஒரு கோழிக்கா இடுப்பு ஒசரம்? அது கோழியா, யானையா?"

"ஒனக்கு எவ்ளோ, அதச் சொல்லு."

கனகவல்லி பறியைக் கழுவத் தொடங்கினாள். பவுனம்மாவின் பேரை இருவரும் எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. கோழியும் முருங்கைக்காயும் வரிசையாக வந்து முன்னால் நின்றுகொண்டன, அவற்றுக்குப் பின்னால் ஐஸ் வண்டி ஒளிந்துகொண்டது.

ரெத்தினவேல் மட்டும் பாதைப்பக்கமே வரவில்லை. வீட்டுக்கும் உப்பளத்துக்குமாகப் போனார் வந்தார். அதுவே பேச்சானது. ஓடிப்போனவளின் புருசனுக்கு என்ன பயம்? ஓடித்தான் போனாளா? யார் பார்த்தது? சண்டை என்று அவர்தானே சொன்னார்? டீக்கடையில் ஒருவன் வாய்விட்டே கேட்டான், "அடிச்சுப் பொதைச்சுட்டு ஆத்தா வீடுன்னு சொல்றாரோ என்னவோ, நடந்து காட்டச் சொல்லுங்க." ரெத்தினவேல் குடித்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம நடக்குறேன். எல்லாரும் வாங்க" என்றார்.

எல்லோரும் போனோம். தேர் பார்க்கப் போகிற கூட்டம். பவுனம்மாவின் ஆத்தாவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அதே தூக்குவாளி. ரெத்தினவேல் செருப்பைக் கழற்றிக் கம்பத்தடியில் விட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்டல்பாதையில் கொஞ்சதூரம் போய் நின்றார். யாரோ எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். பழம் உருளவில்லை, பாய்ந்தது. கூட்டத்துக்குள் புகுந்து, காலுக்கு நடுவே ஓடி, கம்பத்தில் மோதிப் பிளந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று ஒரு குரல். "போலீசக் கூப்புடு" என்று இன்னொன்று. ரெண்டு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாதையில் இறங்கினார்கள். ரெத்தினவேல் திரும்பியே பார்க்கவில்லை, உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி, தட்டைத் தரையில் ஏறிக்கொண்டிருந்தார்.

அப்போது தையல்நாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மடியிலிருந்து பச்சைத் துண்டை எடுத்தாள். அரிசிமாவு உதிர்ந்தது. கம்பத்தில், பழைய இடத்தில், பழைய உயரத்தில் அதைக் கட்டினாள்.

மாங்காய்க்கரை. கனகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சேலையைப் பவுனம்மா எடுத்தபோது கூடப் போனவள் அவள்தான்.

"அன்னைக்கு இது கம்பத்துல இருந்துச்சு" என்றாள் தையல்நாயகி. குரல் எழும்பவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "அண்ணி வெளிய வரல. நாந்தான் அறுத்தேன். அவுங்க எங்கயும் ஓடல. அவரு ஒன்னும் பண்ணல."

சட்டைக் கையை மடித்தவர்கள் அதை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் எல்லோரும் துணியைப் பார்த்தோம். உள்ளே ஆள் இருக்கிறது என்று அது சொன்னது. தை முடியப்போகிற நேரத்தில், கார்த்திகைச் சேதியை.

தையல்நாயகி பாதையில் ஏறினாள். இதுவரை அவள் உட்கார்ந்துவிடுகிற இடத்தில் உட்காரவில்லை. ரெத்தினவேல் அதற்கும் மேலே, சரிவில் குந்தியிருந்தார், எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"அண்ணே" என்றாள்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன நாளா வெச்சிருந்த?"

"அன்னையிலேர்ந்து."

"சொல்லியிருந்தா அன்னைக்கே தோணி எடுத்திருப்பேன்."

"ஆமாண்ணே."

"உசுரோட இருந்திருப்பா."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவர் பேசினார், அவளிடம் பேசுகிறமாதிரி இல்லை. "கருவாடு உப்புக் கரிக்குதுன்னு தட்டத் தூக்கி எறிஞ்சேன். உப்பளத்துல வேல பாக்குறவன், உப்புக்குக் கோவப்பட்டேன். ராத்திரி வரலைன்னதும் போய்ப் பாக்கணும்னு தோணுச்சு. அவளா வரட்டும்னு படுத்துட்டேன். நல்லாத் தூங்குனேன், தையலு. அதான் இந்த மேடு."

அவள் அழுதாள். "என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்கண்ணே."

"அடிச்சா எறக்கமாயிருமா?" என்றார் அவர். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஏறு."

கம்பத்தடியில் நின்ற எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பேர் தட்டையான பாதையில் குனிந்து குனிந்து நடப்பதும், ஒருவர் சறுக்கும்போது மற்றவர் கையைக் கொடுக்காமல் நின்று காத்திருப்பதும், பிறகு நடப்பதும்தான். அவர்களுக்கோ காற்று மாறியது, காது அடைத்தது, பூநாரைகள் காலுக்குக் கீழே பறந்தன. எங்கள் ஊரில் யாருமே எந்தக் காலத்திலும் நிற்காத உயரத்துக்குப் போய், பாதை முடிகிற தண்ணீர் விளிம்பில், அவர்கள் நின்றார்கள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. உப்பளப் பாத்திகள் தாயக்கட்டம்போல, ஊர் ஒரு பிடி அரிசிபோல, ஓடைகள் உள்ளங்கை ரேகைபோல. கண்டல் காட்டுக்கு நடுவே, நடந்து போனாலும் தோணியில் போனாலும் தெரியாதபடி மரங்கள் சுற்றி அடைத்துக்கொண்ட ஒரு திட்டு. அதில் உயரமாக வளர்ந்த ஒரு மரம். அதன் உச்சிக் கிளையில் ஒரு பறி மாட்டியிருந்தது, பறிக்கு மேலே கிழித்துக் கட்டிய நீளமான பச்சைத் துணி, வெளுத்துப்போய், கம்பம் இருக்கிற திசையைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது.

காலில் திருக்கை மீன் முள் குத்தியிருக்க வேண்டும் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். நடக்க முடியாமல் திட்டில் ஏறியிருக்கிறாள். துணியைப் பார்த்து வருவார்கள் என்று இருந்திருக்கிறாள். கம்பத்தில் ஒன்று இருக்கிறதே, இருந்தாலும் இங்கேயும் ஒன்று இருக்கட்டும் என்று, அந்தக் காலோடு அந்த உயரம் ஏறிக் கட்டியிருக்கிறாள்.

ரெத்தினவேல் கையை நீட்டித் திசை காட்ட, கீழே தோணிகளை அவிழ்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பவுனம்மாவைக் கொண்டுவந்தோம். கொண்டுவரும் அளவுக்குத்தான் அவள் மிச்சமிருந்தாள், கைவளையலை வைத்து அவள் ஆத்தா அடையாளம் சொன்னாள். தூக்குவாளியைத் திறந்து, கல்லாகிப்போன பொரியுருண்டைகளை மகள் பக்கத்தில் வைத்தாள். ஊர் முழுக்க நின்று அழுதது. ஐஸ் வண்டியைப் பற்றி யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் இன்னொருமுறை அதைச் சொல்ல வேண்டுமே.

எல்லாம் முடிந்து கம்பத்தைக் கடக்கும்போது, தன் கை கட்டியதைத் தானே அவிழ்க்க வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, தையல்நாயகி பச்சைத் துண்டின் முடிச்சில் கை வைத்தாள்.

"நீ அறுத்தது போதும்" என்றார் ரெத்தினவேல்.

அவரே அவிழ்த்தார். நிதானமாக, துணி கிழியாமல். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கம்பத்திடம் சொல்லுகிறமாதிரி, "வந்துட்டா" என்றார்.

மறுநாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கண்டல்பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கோழி தின்ற மீனம்பாவுக்குக்கூட. மரைக்கார் பந்தலைப் பிரித்தார். தையல்நாயகிக்கு மட்டும் ஒரு விரல்கூடக் குறையவில்லை. வழிகாட்டி வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தோம். அவள் விடவில்லை. பொழுது சாயும் முன்னால் தினமும் தனியாக அந்த மேட்டில் ஏறுகிறாள், உச்சியில் நின்று ஓடை ஓடையாக, திட்டுத் திட்டாக, மரம் மரமாகப் பார்க்கிறாள், இறங்கி வந்து "யாருமில்ல" என்கிறாள். கம்பம் வெறுமையாக இருந்தாலும் அவள் சொன்ன பிறகுதான் இப்போது எங்கள் ஊரில் உலை வைக்கிறார்கள். ரெத்தினவேல் அவளோடு பேசுவதில்லை. ஆனால் உப்பளத்திலிருந்து வரும்போது அவள் இறங்கி வருகிறாளா என்று கம்பத்தடியில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

ஏறுவதற்கு முன்னால் அவள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஒரு எலுமிச்சம்பழத்தைப் பாதையில் வைத்து, அது உருள்கிறதா என்று பார்ப்பாள். உருண்டால், மேடு இன்னும் இருக்கிறதென்று முகம் தெளியும், முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறத் தொடங்குவாள். போன வாரம் ஒருநாள், பழம் ஒரு கணம் உருளாமல் நின்றது. கனகவல்லி பார்த்தாள். தையல்நாயகி அப்படியே மண்டியிட்டு, பழத்தின் முன்னால் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டாளாம். பிறகு அது அசைந்து, மெதுவாக, அவளை நோக்கி உருண்டு வந்ததாம்.